ராஜிநாமா எழுதுமுன்



சென்ற திங்கள் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் வெள்ளைத்தாளுடன் என்னிடம் வந்தார். அரசுத்துறை ஒன்றில் வண்டி ஓட்டுபவர். நீரிழிவினால் இரு கண்களிலும் பார்வை குன்றிவிட்டது. "இனி வண்டி ஓட்டக்கூடாதென்று டாக்டர் எழுதிவிட்டார், தம்பி. ராஜிநாமாவை நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடு" என்றார். அலுவலகத்தில் யாரோ கூறிய யோசனையாம்.

நான் எழுதவில்லை.

நம் தங்கவயலுக்கு இக்கதை புதிதன்று. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து மூச்சுத் தளர்ந்த சுரங்கத் தொழிலாளரை நாம் கண்டிருக்கிறோம். உடல் கெட்டால் வேலையும் போயிற்று என்னும் எண்ணம், 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் நம்மை விட்டு அகலவில்லை.

சட்டமோ வேறு கூறுகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலைக்கு இயலாதவரை, அதே சம்பள விகிதத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அத்தகைய இடம் இல்லையெனில், அது கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வரையிலோ தனிப் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். அரசு அறிவிப்பின் வாயிலாக விலக்களித்த நிறுவனங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்வுரிமை இருந்தது. இடதுகாலை இழந்து பணியிலிருந்து அனுப்பப்பட்ட காவலர் குணால் சிங்கிற்கு, அதன்படியே உச்ச நீதிமன்றம் 2003-இல் நியாயம் வழங்கியது.

பெங்களூருக்கு ரயிலேறும் நம் பிள்ளைகளில் பலர் தனியார் ஊழியர். இருபது பேருக்குக் குறையாத தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கு அளிக்கும் வசதிகளைத் தன் சமவாய்ப்புக் கொள்கையில் வெளியிட வேண்டும். அதைக் கேட்டுப் படியுங்கள்.

சமய அனுஷ்டானத்திற்கும் வழியுண்டு. மத்திய அரசு ஊழியர் பட்டியலிலிருந்து ஆண்டுக்கு இரண்டு விருப்ப விடுமுறைகளைத் தேர்ந்துகொள்ளலாம். பொங்கல், ரமலானின் கடைசி வெள்ளி, கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் ஆகியவை அப்பட்டியலில் இடம்பெறுபவை. இதையும் வாய்மொழியாகக் கேட்டு நிறுத்தாமல், எழுதிக் கொடுப்பதே நன்று.

பெரியவர் கொணர்ந்த தாளில் ராஜிநாமாவுக்குப் பதிலாக மாற்றுப்பணி வேண்டும் விண்ணப்பத்தை எழுதினோம். 20-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, மருத்துவச் சான்றும் மாற்றுத்திறனாளிச் சான்றும் இணைத்தோம். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக நகலில் முத்திரையும் வாங்கி வந்தார்.

விடை இன்னும் வரவில்லை. ஆயினும் அவர் பெயர் இன்றும் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.