குச்சி விழுந்தா யார் குத்தம்?

ரெண்டு மாசமா மனசுல அரிச்சுக்கிட்டே இருக்கற விஷயம். இன்னைக்குக் கொட்டிடறேன். படிச்சுட்டுத் திட்டறவங்க தாராளமாத் திட்டிக்கலாம்.

எங்க ஊர் திருச்செங்கோடு. மலைக்கோயில், விசைத்தறி, ரிக் வண்டி, இந்த மூணுக்கு மேல எங்க ஊரைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா விடிகாலை அஞ்சரை மணிக்கு மலையடிவாரத்துக்கு வந்து பாருங்க. ஒரு பதினஞ்சு பேர் ஓடிக்கிட்டு இருப்போம். ஜவுளிக்கடைக்காரர், வாத்தியார், லாரிப் பட்டறைக்காரர், பி.காம். படிக்கற நான்னு கலவையான கும்பல். அதுல ஒருத்தர் ரிக் வண்டியில வேலை பார்க்கற அண்ணன். வருஷத்துல பாதி நாள் வடக்க எங்கயாவது போர் போட்டுக்கிட்டு இருப்பார். ஊருக்கு வந்தா எங்களோட ஓடுவார்.

பக்கத்து ஊர்ல நடந்த ஒரு தொடர் ஓட்டத்துல நாலு பேர் ஒரு டீமா இறங்கினோம். ஆளுக்கு ரெண்டரை கிலோமீட்டர். நான் மூணாவது ஆள், அண்ணன் கடைசி. நான் ஓடி வந்து சேரும்போது எங்க டீம் மூணாவது இடத்துல இருந்துச்சு. குச்சியை நீட்டினேன். அவர் விரல்ல பட்டுச்சு, நழுவிக் கீழ விழுந்து ரோட்டோரத்துக்கு உருண்டுடுச்சு. அவரே ஓடிப்போய்க் குனிஞ்சு எடுத்துக்கிட்டு ஓடினார். நாலாவது இடம். மெடல் போச்சு.

சாயங்காலமே வாட்ஸ்அப் குரூப்ல தீர்ப்பு எழுதிட்டாங்க. "மூணு பேர் சம்பாதிச்சதை ஒருத்தர் தொலைச்சுட்டார்." "ப்ராக்டீஸுக்கு ஒழுங்கா வராத ஆளை எதுக்குச் சேர்த்தீங்க?" கூடவே ஆளாளுக்கு எத்தனை நிமிஷத்துல ஓடினோம்னு ஒரு பட்டியல் வேற. அண்ணன் ஒரே ஒரு வரி போட்டார்: "மன்னிச்சுக்கங்க, என்னாலதான்." நான் வாயே திறக்கல. அடுத்த நாள்ல இருந்து அவர் ஓட வரல. இப்போ மறுபடி வண்டியோட வடக்க போயிட்டார்.

அன்னைக்குப் பேசாததை இப்போ பேசறேன்.

முதல்ல விதி. உலகத் தடகள விதிப்படி, குச்சி வாங்கறவர் கையில மட்டும் இருக்கற நொடி வரைக்கும் அது கொடுக்க வந்தவனோட பொறுப்பு. அதுக்குள்ள விழுந்தா அவன்தான் எடுக்கணும். நம்ம ஊர்ப் போட்டியில அவ்வளவு கறார் கிடையாது. ஆனா நியாயமாப் பார்த்தா அன்னைக்கு விழுந்தது என் குச்சி. என் குச்சியை அவர் குனிஞ்சு எடுத்தார், கூடவே என் பழியையும் எடுத்துக்கிட்டார்.

"அப்போ உன் தப்புதானே?"ன்னு கேப்பீங்க. என் தப்பு மட்டும்னும் சொல்ல மாட்டேன். காமர்ஸ் படிக்கறவனுக்கு முதல் வருஷமே சொல்லித் தர்ற பாடம் 1932-ம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். 25-வது பிரிவு என்ன சொல்லுது? நிறுவனத்தோட கடனுக்குப் பங்குதாரர் எல்லாரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. "நீ வாங்கின கடன், நீயே கட்டு"ன்னு மத்தவங்க கைகழுவ முடியாது. தொடர் ஓட்டமும் அதேதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல 4×100 மீட்டர்ல ஜமைக்கா ஜெயிச்ச தங்கத்தை, நெஸ்டா கார்ட்டர் ஊக்கமருந்து சோதனையில மாட்டினதால 2017-ல பறிச்சாங்க. உசைன் போல்ட்டும்தான் திருப்பிக் கொடுத்தார். நான் சுத்தம், என் பங்கை மட்டும் வெச்சுக்கறேன்னு சொல்ல வழியே இல்ல. மெடல் வந்திருந்தா நாலு பேரும் கழுத்துல மாட்டிக்கிட்டு போட்டோ எடுத்திருப்போம். லாபம் பொது, நஷ்டம் மட்டும் அண்ணன் கணக்கா?

அடுத்தது ப்ராக்டீஸ். அவர் வரலைன்னு சொல்றாங்களே, வந்தவங்க என்ன கிழிச்சோம்? குச்சி மாத்திப் பழகினது எத்தனை நாள்? ஒரு நாள் கூட இல்ல! அவனவன் வாட்சைப் பார்த்து அவனவன் ஓடினோம். 2016 ரியோவுல ஜப்பான் 4×100-ல 37.60 விநாடியில வெள்ளி வாங்குச்சு. அந்த நாலு பேர்ல ஒருத்தர் கூட அதுவரைக்கும் 100 மீட்டரை 10 விநாடிக்குள்ள ஓடினதில்ல. குச்சி மாத்தறதை உயிரைக் கொடுத்துப் பழகியிருந்தாங்க. அதே ஃபைனல்ல அமெரிக்கா குச்சி மாத்தறதுல தப்புப் பண்ணித் தகுதி இழந்துச்சு. 2024 பாரிஸ்லயும் அதே கதை. வேகமான ஆளுங்களைச் சேர்த்தா மட்டும் டீம் ஆகிடாது.

சரி, சொதப்பினவரை என்ன பண்ணணும்? 2024 மே மாசம் பஹாமாஸ்ல உலகத் தொடர் ஓட்டப் போட்டி. இந்திய ஆண்கள் 4×400 டீம்ல நம்ம தமிழ்நாட்டு ராஜேஷ் ரமேஷ் ரெண்டாவதா ஓடும்போது தசைப்பிடிப்பு வந்து பாதியில நின்னுட்டார். டீம் ஓட்டத்தை முடிக்கவே இல்ல. மறுநாள் லால்குடிக்காரர் ஆரோக்கிய ராஜீவ் இறங்கினார். 3:03.23-ல ஓடி முடிச்சு பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி வாங்கிட்டாங்க. அதோட விடல. ஆகஸ்ட்ல பாரிஸ்ல அதே ராஜேஷ் ரமேஷ் கையில குச்சியைக் கொடுத்து ஓட விட்டாங்க. போனது ஒலிம்பிக் வாய்ப்பா இருந்திருக்கும், அவங்களே அவரை ஒதுக்கல. நாம போட்டியிட்டது ஒரு தகர மெடலுக்கு!

ஒரு தடவை டீக்கடையில அண்ணன் சொன்னது ஞாபகம் வருது. "தம்பி, போர்க்குழிக்குள்ள ராடு விழுந்துட்டா, எவன் விட்டான்னு விசாரிச்சுக்கிட்டு நிக்க மாட்டோமுங்க. எல்லாரும் சேர்ந்து முதல்ல ராடை எடுப்போம்." பி.காம். படிச்ச எனக்கும் வாத்தியாருக்கும் தெரியாத கூட்டாண்மை அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

குரூப்ல இருக்கற அண்ணன்மார்களே, இதைப் படிப்பீங்கன்னு தெரியும். கோவம் வந்தா என்கிட்ட வாங்க. நான் கேக்கறது ரெண்டே விஷயம். தினமும் பத்து நிமிஷம் குச்சி மாத்திப் பழகணும். அண்ணன் ஊருக்கு வந்ததும் எல்லாருமாப் போய் அவரைக் கூப்பிடணும். நீங்க வரலைன்னாலும் நான் போவேன். முதல் மன்னிப்பு நான்தான் கேக்கணும், ஏன்னா விழுந்தது என் குச்சி.