மணிக்கட்டைச் சோதிக்கும் பள்ளி

2017இல் ‘நீலத் திமிங்கலம்’ பீதி பரவியபோது, கொல்கத்தாப் பள்ளிகள் மாணவர்களின் கைகளில் தழும்பு தேடின. கண்டபின் என்ன செய்வது என்ற கேள்வியோ பின்தங்கியது. 1922இலேயே கிரீந்திரசேகர் போஸ் உளப்பகுப்பாய்வுச் சங்கம் நிறுவிய நகரம் இது!

தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் வளரிளம் பருவத்தினர் பலர் சாவை நாடுவதில்லை. தாங்கவியலாத உணர்வைத் தணிக்கவே முயல்கின்றனர். ஆயினும் பிற்காலத் தற்கொலை அபாயம் அவர்களிடம் கூடுதல். இதனைக் ‘கவன ஈர்ப்பு’ என்பது விளக்கமன்று, செவிமடுக்க மறுப்போரின் சாக்கு. கவனம் வேண்டும் பிள்ளைக்கு அதை அளிப்பதில் எவருக்கு என்ன நட்டம்? இடைநீக்கமோ, அப்பிள்ளைக்கு எஞ்சிய துணையையும் பறிக்கிறது.

மேற்கு வங்கத் தந்தை ஒருவர், விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்ற மகளின் மரணம் குறித்துத் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று நெறிமுறைகள் வகுத்தது: 100 மாணவருக்குக் குறையாத கல்வி நிறுவனம் தகுதியுடைய ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும், ஊழியர்க்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி வேண்டும். அந்த ஆலோசகரையே ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிலும் அமர்த்தினால், எந்தப் பிள்ளை அவரிடம் வாய் திறக்கும்? காயத்துக்கு மருந்திடுவதும், எதை யாரிடம் சொல்ல நேரும் என்பதை முதலில் பிள்ளையிடமே சொல்வதும் நாளையே தொடங்கக்கூடியவை. அவற்றுக்கு நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.