ரீலோட் கொமிஷன்: முதலில்லாத தொழிலா?

ஹந்தானைத் தோட்டப்புறத்திலும் கண்டி நகரிலும் வேலை தேடும் இளைஞர்களிடம் ஒரு பேச்சு ஓயாமல் சொல்லப்படுகிறது: முதல் வேண்டாம், கடை வேண்டாம், கையில் போன் இருந்தால் போதும், ரீலோட் போட்டும் சிம் விற்றும் வீட்டிலிருந்தே உழைக்கலாம். இதன் தொடக்கமே பிழை. விற்கப்போகும் ரீலோட்டுக்கு முகவர் முன்கூட்டியே பணம் கட்டுகிறார். அந்தப் பணம் விற்றுத் தீரும்வரை முடங்கிக் கிடக்கிறது. அது முதல் இல்லையென்றால் வேறென்ன? கொமிஷன் வீதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்குக்காக நூறு ரூபாவுக்கு 4 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. போதாது என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் அந்தத் தொகையைக் கொமிஷனில் எடுக்க, ஒரு நாளைக்கு 33,750 ரூபாவுக்கு ரீலோட் விற்க வேண்டும். நூறு ரூபா ரீலோட் என்றால் ஏறத்தாழ 338 பேர், அதுவும் தினமும். ஒரு டிவிஷனின் லயங்கள் முழுவதையும் சேர்த்தாலும் அத்தனை பேர் நாள்தோறும் வருவார்களா?

தோட்டங்களில் சம்பள நாள்வரை கடன் சொல்வது வழக்கம். பக்கத்து வீட்டுக்காரர் அவசரத்துக்குக் கேட்கும்போது இல்லையென்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் திரும்பி வராத ஒரேயொரு நூறு ரூபா ரீலோட்டில் முகவருக்கு 96 ரூபா நட்டம். அதை ஈடுசெய்ய இன்னும் 24 பேருக்கு நூறு ரூபாப்படி போட வேண்டும். தொலைபேசிக் கட்டணங்கள் ஏறும்போது கொமிஷனும் ஏறுமே என்பார்கள். 2022 செப்டம்பரில் கையடக்கத் தொலைபேசிக் கட்டணம் 20 வீதம் கூட்டப்பட்டது உண்மைதான். ஆனால் அதே சேவையை விற்க முகவர் கட்டவேண்டிய முற்பணமும் அதே அளவு கூடுகிறது. வாங்குபவரின் சம்பளமோ அதோடு சேர்ந்து ஏறுவதில்லை. வங்கிச் செயலி வைத்திருப்பவர்கள் தாங்களே ரீலோட் செய்துகொள்கிறார்கள். ஆகவே காசும் போனும் தாராளமாக உள்ள வாடிக்கையாளர்தான் முதலில் கைநழுவிப் போகிறார். கடன் கேட்பவர் மிஞ்சுகிறார்.

ஏற்கெனவே சில்லறைக் கடை நடத்துபவருக்கு இது உதவுகிறது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ரீலோட்டுக்கு வந்தவர் பருப்பும் சீனியும் வாங்கிப் போவார். அங்கே லாபம் தருவது பருப்பும் சீனியும். கடையே இல்லாத இளைஞருக்கு அந்த ஆதாயம் கிடையாது.

விற்பனை போதாதென்றால் உனக்குக் கீழே ஆள் சேர், அவர்கள் கட்டும் பணத்திலும் பங்கு வரும் என்று சிலர் சொல்வதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. பங்குபற்றுவோர் பணம் செலுத்தி, புதிதாகச் சேர்வோரின் தொகையைப் பெரிதும் நம்பியே பயன்பெறும் திட்டங்களை 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்கிறது. நடத்துவது மட்டுமல்ல, அறிமுகப்படுத்துவதும் விளம்பரப்படுத்துவதும்கூடக் குற்றம். உறவினரைச் சேர்த்துவிடும் பிள்ளையும் அதில் மாட்டக்கூடும். முகவர் சேர்க்கும் நிறுவனங்கள் கொமிஷன் வீதம், கட்டவேண்டிய முற்பணம், விலகினால் மீதித் தொகை திரும்பக் கிடைக்குமா என்ற மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தில் கொடுக்கவேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதைக் கட்டாயமாக்கவேண்டும்.