மினுக்கிய பித்தளையும் விற்பவரின் வார்த்தையும்

பாவித்த பொருட்களை விற்பதும் வாங்குவதும் இன்று உலகெங்கும் பெரும் வர்த்தகமாக வளர்ந்து விட்டது. வாகனம், கணினி, கையடக்கத் தொலைபேசி என்று அதன் பட்டியல் நீளமானது. ஆனால் அமெரிக்காவில் நடைபெறும் ஒரு பழம்பொருள் வியாபாரத்தைப் பற்றி நம்மவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கைத்துப்பாக்கியால் சுட்ட பின்னர் நிலத்தில் விழும் வெற்று ரவைக் கோதுகளைப் பொறுக்கி, தரம் பிரித்து, ஆயிரக் கணக்கில் பெட்டிகளில் அடைத்து விற்கும் தொழில்தான் அது.

நமது நாட்டில் துப்பாக்கியும் ரவையும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டவை. எனவே இத்தொழில் நமக்குரியதல்ல. எனினும் கொடுக்கல் வாங்கலில் ஒரு வார்த்தைக்கு என்ன பெறுமதி உண்டு என்பதை இந்தச் சிறிய பித்தளைக் கோது காட்டுவதுபோல் வேறு பொருள் காட்டுவது அரிது. அதனாலேயே இதனை இங்கு எடுத்துக் கொள்கிறேன்.

ஒரு ரவையில் நான்கு பாகங்கள் உள்ளன. பாய்ந்து செல்லும் குண்டு, அதைத் தள்ளும் வெடிமருந்து, அந்த மருந்தைப் பற்ற வைக்கும் பிரைமர், இவை யாவற்றையும் தாங்கி நிற்கும் பித்தளைக் கோது. சுட்டதும் முதல் மூன்றின் வேலையும் முடிந்து விடும். எஞ்சுவது கோது மாத்திரமே. 70 வீதம் செம்பும் 30 வீதம் நாகமும் கலந்த இந்தப் பித்தளை விரிந்து சுருங்கக் கூடியது. ஆகவே புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் இட்டு அதனை மீண்டும் பல தடவைகள் பாவிக்கலாம். துப்பாக்கி விளையாட்டில் ஈடுபடும் அமெரிக்கர்கள் பலர் செலவைக் குறைக்க வீட்டிலேயே இதைச் செய்கின்றனர். சொந்தப் பாவனைக்கு ரவை நிரப்ப அங்கு மத்திய அரசின் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. நிரப்பிய ரவையை விற்பதைத் தொழிலாகக் கொண்டால்தான் உற்பத்தியாளர் அனுமதி வேண்டும்.

கோதின் பெறுமதி இங்குதான் இரண்டாகப் பிரிகிறது. 9 மில்லிமீற்றர் கோது ஒன்றின் நிறை ஏறக்குறைய 4 கிராம். ஆயிரம் கோதுகள் சேர்ந்தால் சுமார் 4 கிலோ. பழைய உலோகக் கடையில் அதற்குக் கிடைப்பது 4 கிலோ பித்தளையின் விலை. மீண்டும் நிரப்புபவரிடமோ அது 1000 பயனுள்ள கோதுகள். உருக்குவதற்கான விலையை விடப் பாவிப்பதற்கான விலை கூடியது.

2009 மார்ச்சில் நடந்த ஒரு விடயம் இதற்குச் சான்று. இராணுவப் பயிற்சிகளில் சுடப்பட்ட கோதுகளை நசுக்கிச் சிதைத்த பின்னரே விற்க வேண்டும் என்ற நடைமுறையை அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் கொண்டு வந்தது. முழுக் கோதுகளை வாங்கி ரவை தயாரித்து வந்த நிறுவனங்கள் கதிகலங்கின. மொன்டானா மாநில செனட்டர்களான மெக்ஸ் போகஸும் ஜோன் டெஸ்டரும் எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதினர். அதே மாதத்திலேயே அந்த முடிவு கைவிடப்பட்டது. பயன்படக் கூடியதைச் சிதைத்து விற்றால் இலாபமும் சிதையும் என்பது அரசாங்கத்துக்கும் பொருந்தும் கணக்குத்தான்.

இனி விடயத்துக்கு வருவோம். இந்தச் சந்தையில் மிகவும் பெறுமதி வாய்ந்த சொல் "ஒரு தரம் மாத்திரம் சுட்டது" என்பதாகும். அவ்வாறு சொன்னால் விலை ஏறும். ஒவ்வொரு முறை சுடும் போதும் பித்தளை சற்று இறுகுகிறது. வாய்ப்பகுதி நாளடைவில் வெடிக்கக் கூடும். 9 மில்லிமீற்றர் ரவைக்கு அமெரிக்கத் தர நிர்ணயம் அனுமதிக்கும் ஆகக் கூடிய அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ. நமது கார் ரயரில் அடைக்கும் காற்று சுமார் 30 பி.எஸ்.ஐ. மாத்திரமே. ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அந்த அழுத்தத்தில் பழுதான கோது அடியில் கிழிந்தால் பாதிக்கப்படுவது சுடுபவரின் கையும் முகமும்தான்.

அப்படியானால் "ஒரு தரம் சுட்டது" என்பதை வாங்குபவர் எவ்வாறு அறிந்து கொள்வது? பாவித்த பிரைமர் கோதிலேயே இருந்தால் ஓரளவுக்குத் தடயம் உண்டு. குறிப்பாக இராணுவ ரவைகளில் பிரைமரைச் சுற்றித் தொழிற்சாலையில் இறுக்கிய வளையம் தெரியும். அது கலையாமல் இருந்தால் அந்தக் கோது மறுபடி நிரப்பப்படவில்லை என்று கொள்ளலாம். ஆனால் விற்பவர்கள் பலர் பிரைமரைக் கழற்றி, கோதுகளைச் சுழலும் பீப்பாயில் இட்டுக் கழுவி, பொன்போல் மினுக்கிய பிறகே விற்கின்றனர். வாங்குபவரும் அதையே விரும்புகிறார். மினுக்கம் கூடியது, தடயம் அழிந்தது! அழுக்கோடு இருந்த கோது தன் கதையைத் தானே சொன்னது. மினுங்கும் கோதுக்கோ விற்பவரின் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஆகவே எத்தனை தரம் சுட்டது என்று சொல்வதை விட, எங்கிருந்து வந்தது என்று சொல்வதே நேர்மையான விற்பனை என்பது எனது கருத்து. புதிய ரவைகளை மாத்திரம் சுடும் பொலிஸ் பயிற்சித் திடலில் சேகரித்தவை என்றால் அது ஒரு தகவல். பொதுமக்கள் வந்து போகும் திடலில் கூட்டி அள்ளியவை என்றால் அவற்றில் ஏற்கனவே நிரப்பிச் சுட்டவையும் கலந்திருக்கும். இரண்டாவதை முதலாவதின் பெயரில் விற்பது பொய். தெரியாது என்றால் தெரியாது என்று எழுதி, அதற்குரிய விலைக்கு விற்பதில் என்ன இழிவு இருக்கிறது?

கலப்படம் அடுத்த பிரச்சினை. பொயின்ட் 380 ரவையின் கோது 9 மில்லிமீற்றர் கோதை விட ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் மாத்திரமே குட்டையானது. குவியலில் கண்ணுக்குப் பிடிபடாது. மீண்டும் நிரப்ப முடியாத சிறிய பொயின்ட் 22 கோதுகள் பெரிய கோதுகளுக்குள் புகுந்து ஒளிந்திருக்கும். உருக்குக் கோதைக் காந்தம் பிடித்துத் தரும்; அலுமினியக் கோதை அதுவும் பிடிக்காது. நிறையில் விற்கும் போது இவை யாவும் பித்தளையின் விலைக்கே போகின்றன. எண்ணிக்கையில் விற்பவர் சேதாரத்துக்கென ஒரு பிடி கூடுதலாகப் போட்டு விடுவது நல்ல வழக்கம். ஆனால் வெடிக்காத ரவை ஒன்றேனும் பெட்டிக்குள் போய் விடக் கூடாது. அமெரிக்கத் தபாலில் ரவை அனுப்புவது தடை செய்யப்பட்டதாகும். அத்துடன் சுட்ட கோதில் ஈயத் துகள் படிந்திருக்கும். கழுவாமல் விற்பவர் அதனையும் சொல்லி விடுவது கடமை. வாங்குபவரின் வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கலாம் அல்லவா?

"ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்தால் கூலி கட்டாது" என்று விற்பவர்கள் கூறுவர். அதில் நியாயம் உண்டு. பிரிக்காத சரக்கைப் பிரிக்காத சரக்கு என்று விற்பதை யாரும் குறை கூற முடியாது. பிரித்ததாகச் சொல்லி விலையைக் கூட்டுவதுதான் குற்றம். வாங்குபவருக்கும் பொறுப்பு இருக்கிறது. பார்சல் வந்தவுடன் திறந்து எண்ணிப் பார்த்து, குறை இருந்தால் உடனே அறிவிக்க வேண்டும். நல்லவற்றைப் பாவித்து விட்டு, எஞ்சியதைத் திருப்பி அனுப்பி முழுப் பணத்தையும் கேட்பவரும் மோசடிக்காரர்தான்.

வெற்றுக் கோதுகளை விற்க அங்கு மத்திய அரசின் அனுமதி தேவையில்லை. சரக்கைத் திறந்து பார்க்க அதிகாரி வருவதுமில்லை. பரிசோதகர் இல்லாத சந்தையில் விற்பவரே பரிசோதகர். ஒரு முறை ஏமாந்தவர் அவரிடம் மறுபடி வாங்க மாட்டார். அதை விட முக்கியம், அந்தப் பொய்யின் விலையைச் செலுத்துவது பணப்பை மாத்திரமல்ல, சில வேளை ஒருவரின் கைவிரலாகவும் இருக்கலாம். பாவித்த பொருள் எதனை விற்பவரும் அதனை மினுக்குவதற்கு முன்னர், எந்தத் தடயத்தை அழிக்கப் போகிறோம் என்று ஒரு கணம் யோசித்தல் வேண்டும். அழித்ததை வாயால் சொல்லி ஈடு செய்ய மனம் இல்லையென்றால், அழுக்கோடு விற்பதே மேல்.