மேடையில் ஆள் வேண்டும்

நம் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் கலை இரவைக் குறை சொல்வது எளிது. அதற்காக நாற்காலி அடுக்கி, பதாகை கட்டி, ஆதரவாளர்களைத் தேடி அலைந்தவர்களுள் நானும் ஒருத்தி என்பதால், குறை சொல்லும் உரிமை எனக்குச் சற்றே உண்டு என எண்ணுகிறேன். மூன்று ஆண்டுகளாக மேடையின் பக்கவாட்டில் நின்று பார்த்து வருகிறேன். பாடுபவர் பாடுகிறார், ஆடுபவர் ஆடுகிறார். இசை மட்டும் ஒரு மடிக்கணினியிலிருந்து வருகிறது. 'மைனஸ் ஒன்' என்று நாம் அழைக்கும் அந்தப் பின்னணி இசை, பாடகர் மூச்சு வாங்க ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை. அவர் தடுமாறினால் அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அவர் அன்று வழக்கத்தை விட நன்றாகப் பாடினாலும் அதற்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த கலை இரவில் குறைந்தது பாதி நிகழ்ச்சிக்காவது உயிருள்ள கலைஞர்கள் மேடையில் அமர்ந்து வாசிக்க வேண்டும் என்பதே என் கருத்து. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வளர்ந்தவள் என்பதால் இக்கருத்து எனக்குக் கோயிலிலிருந்து வந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். வரவில்லை. கோலாலம்பூர் ஜாலான் மெசூயில் இருக்கும் 'நோ பிளாக் டை' என்ற சிறிய ஜாஸ் அரங்கிலிருந்து வந்தது.

ஜாஸ் என்றதும் நம் நண்பர்கள் இருவகையாகச் சிரிப்பார்கள். "பெரிய இடத்துப் பழக்கமெல்லாம் வந்துடுச்சு" என்பது ஒரு சிரிப்பு. "கோலா சாவாவில ஏதும்மா ஜாஸ்?" என்பது மற்றொன்று. கோலா சாவாவில் ஜாஸ் இல்லைதான். சிரம்பானுக்குப் பேருந்து வருவதே எங்களுக்குப் பெரிய சேதி. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியான வட்டாரம் அது. ஆரம்பக் கல்வி தமிழ்ப்பள்ளியில். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே வாத்தியக் குழுவில் சேர்ந்தபோது மீதமிருந்த கருவி கிளாரினெட். அதைக் கையில் கொடுத்தார்கள். தேசிய தினத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் அணிவகுப்பு இசை வாசித்தே நான்கு ஆண்டுகள் கழிந்தன. அந்தக் கருவியில் வேறென்ன வாசிக்கலாம் என்று தேடத் தொடங்கியபோது எனக்கு இருவர் கிடைத்தார்கள். ஒருவர் அமெரிக்காவின் பென்னி குட்மேன். மற்றவர் நம் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். அதே கிளாரினெட்டில் கர்நாடக இசையை நாதஸ்வரத்தின் குழைவோடு வாசித்தவர். 2022-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். எனக்கு இரு கதவுகளும் ஒரே நேரத்தில்தான் திறந்தன. ஆகவே 'நம்முடையதை விட்டுவிட்டு அவர்களுடையதைப் பிடித்துக்கொண்டாள்' என்ற குற்றச்சாட்டு என்மீது ஒட்டாது.

'நோ பிளாக் டை' 1998-இல் இவ்லின் ஹீ என்னும் பியானோ கலைஞரால் தொடங்கப்பட்டது. கழுத்தில் டை கட்டி வரத் தேவையில்லை என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். மோனோரயிலில் ராஜா சூலான் நிலையத்தில் இறங்கினால் நடந்து போய்விடலாம். சிக்கல் போவதில் இல்லை, திரும்புவதில்தான். இரவு வெகுநேரம் கழித்தே நிகழ்ச்சி தொடங்கும். பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டிலிருந்து வரும் நாள்களில் சிரம்பானுக்குச் செல்லும் கடைசி கொமுட்டரைப் பிடிக்க வேண்டும். அதனால் எத்தனையோ இரவுகளில் இரண்டாம் பகுதியின் இரண்டாவது பாட்டோடு எழுந்து ஓடியிருக்கிறேன். செந்தூலில் சித்தி வீட்டில் தங்க அனுமதி கிடைத்த நாள்களே முழு நிகழ்ச்சி கேட்ட நாள்கள். நுழைவுக் கட்டணம் எனக்கு ஒரு வார மதிய உணவுக்குச் சமம். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை. அந்த ஒருமுறைக்கு நான் தவறுவதில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? 'ஆட்டம் லீவ்ஸ்' என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். 1945-இல் ஜோசப் காஸ்மா அமைத்த மெட்டு. ஜாஸ் கலைஞர் அனைவருக்கும் மனப்பாடம். முப்பத்திரண்டு தாள அலகுகள் கொண்டது. முதலில் மெட்டை அப்படியே வாசிப்பார்கள். அதன்பின் மெட்டு மறைந்துவிடும். ஆனால் அந்த முப்பத்திரண்டு அலகுகளும் அவற்றின் சுர அடுக்குகளும் அடியில் சுழன்றுகொண்டே இருக்கும். அதன்மேல் சாக்சபோன்காரர் அந்த நிமிடத்தில் தோன்றியதை வாசிப்பார். பிறகு பியானோ, பிறகு பாஸ். கடைசியில் எல்லாரும் மெட்டுக்குத் திரும்புவார்கள். அந்தப் பாட்டை அதே அரங்கில் மூன்று முறை கேட்டிருக்கிறேன். மூன்றும் மூன்று பாட்டு. ஒருமுறை பியானோ கலைஞர் வேண்டுமென்றே பாதியில் கையை எடுத்துவிட்டார். பாஸ் மட்டும் தனியே நடந்துபோனது. மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டது. அது எழுதி வைத்ததன்று. ஒத்திகையில் அது இருந்திருக்கவும் வாய்ப்பில்லை.

தாளத்தைக் கேட்டால் நமக்கு இன்னும் நெருக்கம். டிரம்ஸில் ரைட் சிம்பல் என்ற பெரிய தட்டில் 'டிங் டிங்க டிங்' என்று ஓடுமே, அதைத்தான் ஸ்விங் என்கிறார்கள். ஓர் அடியை இரண்டாகச் சமமாக வெட்டாமல், மூன்றாக வெட்டி நடுத்துண்டை விழுங்கிவிட்டால் ஏறத்தாழ அந்த நடை வரும். நம் திஸ்ர நடையோடு பழகிய காதுக்கு இது அந்நியமா? வேகம் கூடக்கூட அந்தச் சாய்வு குறைந்து சம அளவை நெருங்கும் என்பது கவனித்துக் கேட்டால்தான் பிடிபடும். பிறகு 'நான்கு நான்காக' மாற்றி வாசிக்கும் பகுதி வரும். நான்கு அலகுகள் சாக்சபோன், நான்கு அலகுகள் டிரம்ஸ், மீண்டும் சாக்சபோன். முதன்முதலில் அதைக் கேட்டபோது எனக்குத் தனி ஆவர்த்தனத்தில் வரும் குறைப்புதான் நினைவுக்கு வந்தது. மிருதங்கமும் கடமும் கேள்வி பதிலாக வாசித்து, அளவைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து ஒன்றாகச் சேருமே, அந்த விளையாட்டு. நம்முடையது கணக்கில் இன்னும் கடினமானது என்பேன். அது பெருமைக்காக அன்று. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த உறவைக் கண்டுபிடித்தவள் நானல்லள். 1975-இல் ஜான் மெக்லாக்லின் 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தபோது, கடத்தோடு அமர்ந்திருந்தவர் நம் விக்கு விநாயகராம். 2008-இல் ருத்ரேஷ் மஹந்தப்பா 'கின்ஸ்மென்' என்ற இசைத்தட்டில் தம் சாக்சபோனை கத்ரி கோபால்நாத்தின் சாக்சபோனோடு உரசிப் பார்த்தார். 'டூயட்' படத்தில் நாம் கேட்டு மயங்கிய அதே கோபால்நாத்தான். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர் 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர்.

நம் நாட்டுக்கும் வருகிறேன். மலேசியாவில் ஜாஸ் நேற்று வந்து இறங்கிய சரக்கன்று. நாம் பள்ளியில் பாடிய 'புத்ரா புத்ரி' பாடலை இயற்றிய ஜிம்மி பாயல், பினாங்கின் ஜாஸ் பியானோ கலைஞர். பிலிப்பீன்ஸ் வழிவந்த அல்போன்சோ சொலியானோ வானொலி இசைக்குழுவின் முதல் நடத்துநர். இன்று சுங்கை வாங் பிளாசா நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் பிபி பார்க் கேளிக்கைப் பூங்கா இருந்தது. அங்கே நடன மேடைக்கு இசைக்குழுக்கள் நேரடியாக வாசித்தன. பின்னர் 1979-இல் லூயிஸ் பிரகாசம் 'ஏசியாபீட்' குழுவைத் தொடங்கி, ஜாஸ் டிரம்ஸோடு ஆசியத் தாளக் கருவிகளைச் சேர்த்தார். பியானோவில் மைக்கல் வீரப்பன் இருக்கிறார். பிரகாசம், வீரப்பன் என்ற பெயர்கள் எந்த ஊர்ப் பெயர்கள்? பினாங்கில் தொடங்கி ஹாங்காங்கில் இரவுதோறும் வாசித்துத் தேறிய 'அலிகேட்ஸ்' குழுவின் லோகநாதனும் டேவிட்டும் ஆறுமுகத்தின் பிள்ளைகள். அவர்கள் பாடியது ஜாஸ் அன்று, மலாய்ப் பாப் இசை. ஆயினும் இரவுதோறும் ஆள்முன் வாசித்ததால் வந்த தேர்ச்சி அது என்பதற்காகச் சொல்கிறேன்.

"குடிக்கிற எடத்துக்கா பாட்டு கேக்கப் போற?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே மது விற்கிறார்கள். நான் எலுமிச்சைச் சாறு வாங்கி அதையே இரண்டு மணி நேரம் வைத்திருப்பேன். ஆனால் அம்மாவிடம் நான் சொன்ன பதில் வேறு. எங்கள் ஊர்த் திருவிழாவில் உறுமி அடிக்கும்போது பெண்பிள்ளைகளுக்கு இடம் பந்தலின் ஓரம். தாளம் ஏற ஏற, "உள்ளே போ" என்பார்கள். அடிக்கும் அண்ணன்மார் எனக்குத் தெரிந்தவர்கள், நல்லவர்கள். ஆனால் அவர்கள் என்ன வாசித்தார்கள் என்று அமைதியாக உட்கார்ந்து முழுதாய்க் கேட்ட நாள் என் வாழ்நாளில் ஒன்றுகூட இல்லை. இருபது வயதுப் பெண் தனியே ஒரு நாற்காலியில் அமர்ந்து, தாளத்தை மட்டும் கவனித்து, யாரும் ஏனென்று கேட்காமல் வீடு திரும்பிய முதல் இடம் ஜாலான் மெசூய்தான். அம்மா மறுமொழி சொல்லவில்லை. அடுத்த முறை சித்தியிடம் அவரே தொலைபேசியில் பேசினார்.

உறுமியைப் பற்றிப் பேசியதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1920-களில் அமெரிக்காவில் பெரிய மனிதர்கள் ஜாஸை இரைச்சல் என்றார்கள், ஒழுக்கக்கேடு என்றார்கள். நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின மக்களிடமிருந்து வந்தது என்பதே அந்த ஏச்சின் அடியில் இருந்த காரணம். 1938-ஆம் ஆண்டு ஜனவரியில் பென்னி குட்மேன் கார்னகி மண்டபத்தில் ஜாஸ் வாசித்தது இன்றும் பேசப்படுகிறது என்றால், அதுவரை அந்த இசைக்கு அத்தகைய மண்டபங்களில் நாற்காலி கிடைக்காமல் இருந்ததுதான் காரணம். இன்று உறுமியைப் பற்றி நம்மவர் படித்த வாயால் சொல்லும் சொற்கள் ஏறக்குறைய அவையே. அடிமை முறையும் நம் முன்னோர் வந்த கங்காணி முறையும் ஒன்றல்ல. அவற்றைச் சமன்படுத்தி மேடைப்பேச்சுக்குக் கைதட்டல் வாங்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் உழைப்பாளிகளின் தாளத்தை அவர்கள் பிள்ளைகளே கேவலமாக நினைப்பது எங்கும் நடப்பதுதான் போலும். உறுமிக்குக் கார்னகி மண்டபம் வேண்டாம். ஒலி சரியாக அமைந்த ஓர் அறையும் ஐம்பது நாற்காலிகளும் போதும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பார்கள். 2023 ஜனவரியில் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் ரகுமான் பாட வந்தபோது நம் விடுதியே காலியானதை யாவரும் அறிவர். நானும் கடன் வாங்கிப் போனேன், மகிழ்ந்தேன், இன்னொரு முறையும் போவேன். ஆகையால் பணமே இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். சென்னையிலிருந்து வருபவருக்குத் தருகிறோம், சிரம்பானில் இருப்பவருக்குத் தருவதில்லை, அவ்வளவுதான். பெரிய கோயில்களில் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆள் வரவழைக்கிறோம். விசா தாமதமானால் கையைப் பிசைகிறோம். இங்கே கற்றவர்களே இல்லையா? பிரிக்பீல்ட்ஸில் 1981 முதல் நுண்கலைக் கோயில் எத்தனையோ பிள்ளைகளுக்கு வாத்தியம் கற்றுக்கொடுத்து வருகிறது. அவர்கள் அரங்கேற்றத்துக்குப் பின் எங்கே வாசிப்பார்கள்? வாசிக்க இடமில்லாதவர் கருவியை உறையில் போட்டுப் பரண்மேல் வைத்துவிடுகிறார்.

ஜாஸ் ரசிகர்களிடம் நான் கற்றுக்கொண்டது திரும்பத் திரும்பப் போவதைத்தான். அரங்கில் எப்போதும் வரும் ஒரு சீனப் பெரியவரை எனக்கு முகம் மட்டும் தெரியும். ஒருநாள் இடைவேளையில் ஓர் இளம் டிரம்ஸ் கலைஞரிடம், "போன முறை பிரஷ் வைத்து வாசித்தாயே, இன்று ஏன் குச்சி?" என்று கேட்டார். அந்த இளைஞரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! போன முறை என்ன வாசித்தோம் என்பதை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் எதிரில் இருக்கிறார் என்று தெரிந்தபின், அவர் இரண்டாம் பகுதியை வேறு மாதிரி வாசித்தார். அன்று நான் ரயிலைத் தவறவிட்டேன், வருத்தமில்லை. நம் கலை இரவில் பாடும் தம்பி தங்கைகளுக்கு அப்படி ஒரு பார்வையாளர்கூடக் கிடைத்ததில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கூடி, கைப்பேசியில் பதிவு செய்து, கலைந்து போகிறோம்.

எனவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். பல்லூடகத் திரைக்கும் மேடை அலங்காரத்துக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை எடுத்து, ஒரு கீபோர்டு, ஒரு தபேலா அல்லது தவில், ஒரு வயலின், ஒரு பாஸ் கிதார் என நான்கு உள்ளூர்க் கலைஞர்களுக்கு முறையான சன்மானம் தாருங்கள். 'மாணவர் நிகழ்ச்சிதானே, சாப்பாடு போட்டுவிடலாம்' என்பது வேண்டாம். இரு வாரம் முன்பே பாடுபவர்களோடு ஒத்திகை வையுங்கள். கலை இரவுக்கு இடையில் மாதம் ஒருமுறை விரிவுரை மண்டபத்தில், ஒலிபெருக்கிகூட இல்லாமல், ஒரு சிறு கச்சேரி. முதல் மாதம் உறுமிக்காரர்களை அழைக்கலாம்; எங்கள் ஊரில் ஒரு குழுவை நான் கேட்டு வைத்திருக்கிறேன். பெட்ரோல் செலவும் ஒரு நியாயமான தொகையும் கொடுத்தால் வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, "உக்காந்தா கேப்பாங்க?" என்பதுதான். பதிலைச் செயற்குழு கூடிச் சொல்லட்டும். முன்வரிசையில் ஒரு நாற்காலிக்கு என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.