கண்களால் கேட்போர்

எழுத்துகளின் பிறப்பை நாம் இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். மேலுதடும் கீழுதடும் பொருந்தப் பகரமும் மகரமும் பிறக்கின்றன. மேற்பல்லைக் கீழுதடு பொருந்த வகரம் பிறக்கிறது. ககரம், டகரம் முதலியவை வாய்க்குள் நாவின் அசைவால் உருவாகின்றன. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் இந்தப் பாடத்தை அன்றாட வாழ்வில் ஓயாமல் பயின்றுகொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்கள், பேசுபவரின் இதழசைவைப் பார்த்துச் சொல்லை அறிந்துகொள்ளும் காது கேளாதோர், கண்களால் கேட்பவர்கள்.

இதழசைவை வாசிப்பது நூலை வாசிப்பது போன்றதன்று. 'படி', 'மடி' என்னும் சொற்களைக் கண்ணாடி முன் நின்று ஒலித்துப் பாருங்கள். இரண்டிற்கும் இதழ்கள் ஒன்றுபோலவே அசையும். மூக்கின்வழிச் செல்லும் காற்றே பகரத்திலிருந்து மகரத்தைப் பிரிக்கிறது. அக்காற்றைக் கண் காணாது. 'தலை', 'தளை' ஆகியவற்றின் வேறுபாடோ நாவின் மறைவில் நிகழ்கிறது. 'பாலை வாங்கி வா' என்று வீட்டில் சொன்னால், 'மாலை வாங்கி வா' என்பதும் இதழ்களில் அவ்வாறே தோன்றும். திருவிழா நாளில் இரண்டுமே பொருந்தும். சூழலும் துணைக்கு வராது.

எனவே, காது கேளாதவர் இதழில் காண்பது சொல்லின் ஒரு பகுதியை மட்டுமே. எஞ்சியதை முகக்குறிப்பாலும் முன்பின் செய்திகளாலும் ஊகித்து நிரப்புகிறார். அவர் ஒரு சொல்லை ஊகிப்பதற்குள் பேச்சு அடுத்த சொற்றொடருக்குச் சென்றுவிடுகிறது. பேசுபவர் சற்றே திரும்பினாலும், அவர் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தாலும், மீசை உதட்டை மறைத்தாலும் ஊகத்திற்கும் வழியில்லை. நால்வர் கூடிப் பேசுமிடத்தில், பேசுபவர் யார் என்று கண் தேடுவதற்குள் அவர் பேசி முடித்திருப்பார். பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில் முகக்கவசம் நம் உயிரைக் காத்தது. அதுவே இவர்களுக்கு உரையாடலின் கதவை அடைத்தது.

இவ்வளவு உழைப்பும் பிறர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பின்னாலிருந்து அழைத்தபோது திரும்பாதவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்கிறோம். அவர் காதிலுள்ள கருவியையோ கைகளின் சைகையையோ கண்டவுடன் நம் நடத்தை மாறுகிறது. சிலர் உரக்கக் கத்துகிறார்கள். கத்தும்போது இதழ்களின் இயல்பான வடிவம் சிதைகிறது. சிலர் அவரை விட்டுவிட்டு, உடன் வந்தவரிடம் "இவருக்கு என்ன வேண்டுமாம்?" என்று கேட்கிறார்கள். பேருந்தில் இருவர் சைகைமொழியில் உரையாடினால் வேடிக்கை பார்க்கிறார்கள்.

நம் பழமொழியும் இதற்கு விலக்கன்று. அறிவுரையைப் பொருட்படுத்தாதவரைக் குறிக்க, 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்கிறோம். உண்மையில், ஓர் உரையாடலில் எவரினும் கூர்ந்த கவனத்தோடு இருப்பவர் காது கேளாதவரே. கவனமின்மைக்கு அவர் பெயரைச் சூட்டுவது எவ்வகையில் நியாயம்?

இவற்றினும் ஆழமாகக் காயப்படுத்துவது ஒரு சிறு தொடர். குடும்பமே கூடிச் சிரிக்கிறது. "என்ன?" என்று அவர் கேட்கிறார். "ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்" என்கிறோம். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதேயில்லை. அவருக்கு எது தேவை என்பதை அவரைக் கேளாமலே நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

"காதொலிக் கருவி இருக்கிறதே, இதழசைவைப் படிக்கவும் பயிற்சி பெறலாமே" என்று சிலர் கூறலாம். இரண்டும் பயனுடையவையே. ஆயினும், கருவி ஒலியைப் பெருக்கும். எல்லார்க்கும் சொல்லைத் தெளிவாக்கிவிடாது. பயிற்சியோ காணாத எழுத்தைக் காட்டாது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, பேச்சுவழிக் கல்வியே உயர்ந்தது எனத் தீர்மானித்துச் சைகைமொழியைப் புறக்கணித்தது. அங்கு முடிவெடுத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். அத்தீர்மானத்தின் தாக்கத்தால் பல நாட்டுப் பள்ளிகளில் மாணவர்கள் தம் இயல்பான மொழியை இழந்தனர். 2010இல் கனடாவின் வான்கூவரில் நடந்த மாநாடு அத்தீர்மானத்திற்கு வருத்தம் தெரிவித்தது. இடைப்பட்ட 130 ஆண்டுகளின் இழப்பை எந்த வருத்தமும் ஈடுசெய்யாது.

இந்தியாவில் செவித்திறன் குறையுடையோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் என்கிறது 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சைகைமொழியையும் தகவல் தொடர்பு முறைகளுள் ஒன்றாக ஏற்கிறது. சட்டம் வழி திறக்கலாம். அவ்வழியில் நடக்க வேண்டியவர்கள் நாமே.

அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பேசத் தொடங்கும் முன் கையசைத்து அவர் கவனத்தைப் பெறலாம். வெளிச்சத்தில் முகம் காட்டி இயல்பான வேகத்தில் பேசலாம். புரியாதபோது அதே சொல்லைக் கத்தாமல், வேறு சொல்லால் விளக்கலாம். தாளிலோ கைப்பேசியிலோ எழுதிக் காட்டலாம். கரும்பலகையில் எழுதி முடித்தபின் ஆசிரியர் மாணவரை நோக்கிப் பேசலாம். மருத்துவமனையும் வங்கியும் எண்ணைக் கூவி அழைப்பதோடு திரையிலும் காட்டலாம். தொடர்வண்டி வேறு நடைமேடைக்கு மாற்றப்பட்டால், அறிவிப்பு ஒலிக்கும் அதே நேரத்தில் எழுத்திலும் தெரிய வேண்டும். வகுப்பில் காது கேளாத நண்பர் இருப்பின், அவரிடமே சில சைகைகளைக் கற்கலாம்.

உரையாடல் இருவர் சேர்ந்து செய்யும் வேலை. இதுகாறும் காது கேளாதோர் தம் பங்கோடு நம் பங்கையும் சேர்த்துச் சுமந்து வந்திருக்கிறார்கள். நம் பங்கை நாமே ஏற்றுக்கொள்வது இரக்கமன்று, கடமை.