தம்பி ஏன் கையைக் கடித்தான்?

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். வயது பதினான்கு. ஆட்டிசம் உள்ளவன், பேச்சு மிகவும் குறைவு. மேருவில் எங்கள் தாமானில் அவனைப் பற்றிப் பேசுபவர்களுக்கு மட்டும் குறைவில்லை. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க." "ரெண்டு போட்டா சரியாயிடும்." இவற்றைக் கேட்டுக்கேட்டே நான் வளர்ந்தேன்.

பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் அவன் தன் கையைக் கடித்துக்கொள்வான். சில நாள் இரத்தம் வரும். கதவில் தலையை மோதுவான். அம்மா கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டினார். அப்பா பிரம்பை எடுத்தார். நான் செய்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நண்பர்கள் வீட்டுக்கு வரும் நாட்களில் அவனை அறையில் விட்டுக் கதவைப் பூட்டியிருக்கிறேன். கடைசியில், "இவனுக்குப் பள்ளியே பிடிக்கவில்லை, நிறுத்திவிடலாம்" என்று வீட்டில் எல்லாரும் முடிவெடுத்தோம்.

அப்போது ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியை, "இரண்டு வாரம் மட்டும் பொறுங்கள்" என்றார். ஒரு பயிற்சிப் புத்தகத்தில் மூன்று கட்டம் போடச் சொன்னார். கடிப்பதற்கு முன் என்ன நடந்தது? அவன் என்ன செய்தான்? அதன்பின் என்ன நடந்தது? எனக்குப் பல்கலைக்கழக விடுமுறை என்பதால் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

பத்துப் பள்ளி நாட்களில் ஏழு நாள் கடித்தான். கடிக்காத மூன்று நாளும் அப்பா காரில் ஏற்றிச்சென்ற நாட்கள். அப்படியானால் பள்ளி காரணமில்லை. முதல் கட்டத்தைத் திரும்பப் படித்தேன். ஏழு நாளும் ஒன்றையே எழுதியிருந்தேன்: "வேன் வந்து ஹாரன் அடித்தது." அவன் அறை ஜன்னலுக்கு நேர் எதிரேதான் எங்கள் வாசல். மூன்றாம் கட்டத்திலும் ஒரே பதில்தான். அவன் கடித்ததும் அம்மா வாசலுக்கு ஓடுவார், ஹாரன் நின்றுவிடும். பேச முடியாத பிள்ளைக்கு, அந்தச் சத்தத்தை நிறுத்தத் தெரிந்த ஒரே வழி கடிப்பதுதான்.

வேன் ஓட்டும் அண்ணனிடம் ஹாரனுக்குப் பதில் வாட்ஸ்அப் செய்யச் சொன்னோம். குளியல், பசியாறல், காலணி, வேன் என்று வரிசையாகப் படங்களைச் சுவரில் ஒட்டினோம். சத்தம் தாங்கவில்லை என்றால் காட்டுவதற்குக் காதின் படம் போட்ட ஓர் அட்டையைக் கொடுத்துப் பழக்கினோம். ஒரு மாதத்தில் காலை நேரக் கடி ஏறக்குறைய நின்றது. எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தீபாவளிப் பட்டாசு இன்றும் அவனுக்குக் கடினம்தான். ஆனால் அவன் பள்ளிக்குப் போகிறான்.

இதற்கு நேர்மறை நடத்தை ஆதரவு என்று பெயர். இது நேற்று வந்த யோசனை அல்ல. 1985ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். பாடம் கடினமானபோதோ கவனம் கிடைக்காதபோதோ அந்தப் பிள்ளைகள் முரண்டு பிடித்தார்கள். தண்டிப்பதற்குப் பதில், "புரியவில்லை" என்று சொல்லவும், தங்கள் வேலை சரியா என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். முரண்டு குறைந்தது.

"இது பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பதுதானே?" என்று ஒரு மாமா என்னிடம் கேட்டார். நான் பிரிக்பீல்ட்ஸைச் சொன்னேன். கிள்ளானிலிருந்து கொமுட்டரில் போய் கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தால், நடைபாதையில் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களைப் பார்க்கலாம். 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அந்த வட்டாரத்தில்தான் இயங்குகிறது. பார்வையற்றவரிடம் "ஒழுங்காகப் பார்த்து நட" என்று யாரும் சொல்வதில்லை, பாதையை மாற்றினோம். அதை யாரும் விட்டுக்கொடுத்தல் என்று சொல்வதில்லை. என் தம்பிக்கும் பாதையைத்தான் மாற்றினோம்.

மாற்றாவிட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கும் நம் மொழி பேசும் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், தமிழ்நாட்டின் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்தது. இந்தச் செய்தியைப் படித்தபோது நான் பூட்டிய கதவுதான் நினைவுக்கு வந்தது.

நம் நாட்டில் வாசல்கள் திறந்திருக்கின்றன. பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வுத் திட்டம் 1984ஆம் ஆண்டு திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கியது. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. ஆனால் அதை மீறுவோருக்குத் தண்டனை விதிக்கும் பிரிவு இல்லாமலே வந்தது. 2010ஆம் ஆண்டு ஐநா உடன்படிக்கையை மலேசியா ஏற்றது. 2019ஆம் ஆண்டிலிருந்து, குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை நடப்பில் உள்ளது.

உள்ளே போனபின் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. சிறப்புக் கல்வி மாணவர் ஒவ்வொருவருக்கும் ஆர்பிஐ என்ற தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்படுகிறது. அதில் குறைகளுக்கான கட்டங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். "இவனுக்கு என்ன பிடிக்கும்?" என்று எங்களிடம் கேட்டவர் அந்த ஆசிரியை ஒருவர்தான். எங்களுக்கும் பதில் தெரியவில்லை. படங்களை மேசையில் பரப்பி அவனையே எடுக்கச் சொன்னோம். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் படத்தை எடுத்தான். மறுநாளும் அதையே எடுத்தான். இன்று எங்கள் வீட்டு முருங்கையும் கறிவேப்பிலையும் அவன் பொறுப்பு. பள்ளி முடித்தபின் அவன் என்ன செய்வான் என்ற பேச்சு வந்தால், நாங்கள் இப்போது அங்கிருந்துதான் தொடங்குகிறோம்.

பெற்றோருக்கு நேரமில்லை, மையங்களில் ஆள் போதவில்லை என்பது உண்மைதான். அதனால்தான் ஒவ்வொரு பிடிகேயிலும் சிறப்புக் கல்வி வகுப்பிலும் இந்த முறையில் பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்கவேண்டும் என்கிறேன். திட்டம் எழுதும் மேசையில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், ஒரு பயிற்சிப் புத்தகமும் இரண்டு வாரமும் கொடுங்கள். எங்களுக்கு அதற்கு ஒரு வெள்ளி எண்பது காசுதான் செலவானது. அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் என் தம்பி இன்று பள்ளியில் இருந்திருக்கமாட்டான்.